அவுக கோல்ல அளந்த பங்களா

அறுபது பலகைன்னு கொழுந்தன் சொல்லும்போது நான் அடுக்களைக் கதவுக்குப் பொறத்தால நிக்கேன். கையில சொளவு. அரிசில கல்லு பாக்க மாதிரி நிக்கேனே தவிர, கண்ணு அரிசில இல்ல. காதெல்லாம் முன்னறையிலதான் கெடக்கு.

அவுக போயி அப்ப ரெண்டு மாசம் ஆகல. அவுகன்னா எம் புருசன். மரவேல ஆசாரி. பங்குனில காய்ச்சல்னு படுத்தவுக எந்திரிக்கவே இல்ல. தென்காசி ஆஸ்பத்திரில ஊசி போட்டாக, ஆயிக்குடி முருகனுக்கு முடி எடுக்கேன்னு அவுக அம்மா, எங்க அத்த, நேந்துக்கிட்டாக, ஒண்ணும் கேக்கல. அதுக்கு மேல அதப்பத்தி எழுத எனக்கு ஏலாது.

படுக்கதுக்கு ஒரு வாரம் முன்னாலதான் குத்தாலத்துல ஒரு பங்களாவ அளந்துட்டு வந்தாக. ஐந்தருவிக்குப் போற ரோட்டுல இருக்கு. மதுரைக்காரர் ஒருத்தர் வாங்கிருந்தாரு. ஓட்டுக் கூரை. கொரங்கு ஏறி ஓட்டப் பிரிச்சுப் போடுதாம், சீசனுக்கு வந்து தங்குதவுக தலையில தூசியும் ஓட்டுத்துண்டும் விழுதாம். அதனால கூரைக்கு அடியில சட்டம் அடிச்சு, ஒட்டுப்பலகையால பூரா மூடணும்னு சொல்லிட்டாரு. ஒட்டுப்பலகைன்னா பிளைவுட்டு. மரத்தத் தாள் மாதிரி உரிச்சு, பசை போட்டு ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டுனது. எட்டடி நீளம், நாலடி அகலம். மலைக்கு அந்தப் பக்கம் கம்பெனில இருந்து லாரில புளியறை வழியா வரணும். சாரல் விழுதுக்கு முன்ன வந்துரணும். நனைஞ்சா ஒட்டு விட்டு அப்பளமாட்டம் உப்பிரும்.

அவுக ஒத்தையில போயி அளந்துட்டு வந்து, கை கழுவுதுக்கு முன்னாலயே ஒவ்வொரு ரூமா சொன்னாக. அவுக அப்பா, எங்க மாமா, கரித்துண்டு எடுத்துப் பட்டறைச் சுவத்துல எழுதுனாரு. கூடம் பத்துக்கு ஆறு. மேலரூம் ஆறுக்கு அஞ்சு. அப்படியே எல்லாம். அடிக்கணக்கு இல்ல, கோல் கணக்கு. எங்க வீட்டுல டேப்பு இருந்தாலும், அளவுன்னு வாயத் தொறந்தா கோல்தான்.

அவுக அளந்த அந்தக் கோல், அந்த அளவுக்குச்சி, இப்ப இல்ல. எங்க ஆளுகள்ல ஆசாரி செத்தா அவன் கோலையும் அவன் கூடவே வச்சு எரிச்சிருவாக. உசுரோட இருக்கும்போதும் ஒருத்தன் கோல இன்னொருத்தன் எடுக்கப்பிடாது. அவுக கோல கொழுந்தன் தொட்டதே கெடையாது. அதுனால அது எம்புட்டு நீளம்னு வீட்டுல யாரும் டேப்பு வச்சுப் பாத்ததில்ல. சுவத்துல கரி எழுத்து மட்டும் நிக்கி.

முன்னறையில மூணு பேரு. மாமா, கொழுந்தன், அப்புறம் பங்களாவுக்குக் காரியஸ்தர். காரியஸ்தர் செங்கோட்டைக்காரர், பேச்சுல பாதி மலையாளம். மறுநா விடியக்காலம் லாரி மலை ஏறுது, எத்தன பலகைன்னு இப்பவே சொல்லணும்னு வந்துருக்காரு.

"அறுபதோ? என்னப்பா, ராசா இருக்குத கொட்டாரமா கட்டுதீரு?"ன்னு கேக்காரு.

மாமா, "கூடம் மட்டும் பத்துக்கு ஆறு கோலு. கோலுக்கு ரெண்டேமுக்கா அடி. நீரே பெருக்கிப் பாரும்"ன்னாரு.

"பெருக்கதெல்லாம் ஒங்க சோலி. ஞான் சொல்லுதத கேட்டுக்கிடும். பலகை மிஞ்சுனா கம்பெனில திருப்பி எடுக்க மாட்டான், ஒங்க கூலிலதான் கழியும். கொறஞ்சா இன்னொருக்க லாரி ஏறாது. ஆயிக்குடில ஒரு மேஸ்திரி, வேல எனக்கு வேல எனக்குன்னு என் வாசல்லயே கெடக்கான். அவனக் கூப்பிட்டு விட்டுருவேன்."

"நீங்க பங்களாவத் தொறந்து விட்டா இன்னைக்கே போயி டேப்பு பிடிச்சுட்டு வந்துருவேன்"ன்னு கொழுந்தன் சொல்லுதாரு.

"சாவி மொதலாளிட்ட மதுரையில இருக்குடே. வெளிய அளந்தும் பிரயோசனமில்ல, சுத்தி வராண்டா. வேணும்னா கொரங்குகிட்ட போயி உள்ளளவு கேளு."

எனக்கு இதுல என்ன பயம்னு சொல்லிருதேன். மாமா எங்க அண்ணனுக்கு ராயகிரிக்கு ஆள் விட்டிருந்தாரு. பங்களா வேல கையில நின்னா நான் இங்கயே இருக்கட்டும், நாலு பேரு சாப்பிடுத எடத்துல ஒரு வாயி பெருசில்ல. வேல கையவிட்டுப் போனா அண்ணன் வந்து என்னயக் கூட்டிட்டுப் போயிரணும். மாமாவக் குத்தம் சொல்லல. அவருக்குக் கை நடுங்குது, உளி பிடிக்க முடியாது. கொழுந்தனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. எனக்குப் பிள்ளையும் இல்ல.

ராயகிரில எங்க வீட்டுல எங்க சித்தி இருக்காக. அவுகளும் என்னய மாதிரிதான், சின்ன வயசுலயே போயிட்டாரு சித்தப்பா. பருத்தி போட்டு வைக்குத அறைக்குள்ள ஒரு மூலையில இருக்காக. யாரும் அவுகள ஒண்ணும் சொல்ல மாட்டாக. அடிக்க மாட்டாக. சாப்பாட்டு நேரத்துல தட்ட வாசல்ல வச்சுட்டு கதவத் தட்டிட்டுப் போவாக. பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. சின்னதுல நானும் அப்படித்தான் தட்டிட்டு ஓடிருக்கேன். அந்தத் தட்டு சத்தம் இப்ப எனக்குக் கேக்குது. கண்ண மூடுனா நான் அந்த அறைக்கு உள்ள இருக்கேன், வெளிய யாரோ தட்டுதாக.

அதனாலதான் அறுபதுன்னா என்ன, அம்பதுன்னா என்னன்னு உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பதான் மாமா சொன்னது மண்டைக்குள்ள திரும்பத் திரும்ப ஓடுது. கோலுக்கு ரெண்டேமுக்கா அடி. அப்ப ரெண்டு கோலுன்னா அஞ்சரை அடி. கொழுந்தன் அஞ்சரை அடி இருப்பாரு. நான் அவரு தோளுக்குத்தான் வருவேன்.

ஆனா நான் ரெண்டு கோலு.

கல்யாணம் ஆன புதுசு. பட்டறைக்குக் கஞ்சி கொண்டு போனேன். வேற ஆளு யாரும் இல்ல. அவுக என்னயக் கதவு நெலையில சாச்சு நிறுத்தி, கோல எடுத்துத் தரையில ஊணி, இடுப்புக்கிட்ட கோல் முடிஞ்ச எடத்துல வெரல வச்சு, அங்கேருந்து மறுபடி கோல ஏத்துனாக. உள்ளங்கைய என் தலையில பரத்தி வச்சாக. கோல் முனையும் அதே உள்ளங்கையிலதான் முட்டிச்சு. "கிறுக்கச்சி, சரியா ரெண்டு கோலுட்டி நீ. ஒரு நூல் கூட இல்ல, கொறய இல்ல. எனக்குன்னு அறுத்து வச்ச மாதிரி"ன்னாக. அப்புறம் கொஞ்ச நாளு வீட்டுல யாரும் இல்லன்னா என்னய ரெண்டு கோலுன்னுதான் கூப்பிட்டாக.

அப்படின்னா அவுக கோல் ரெண்டேமுக்கா அடி இல்ல. சுவத்துல இருக்கது சின்னக் கோலு. பங்களாவும் சின்னது. அறுபது பலகை வந்தா மிஞ்சிக் கெடக்கும், கூலி பூரா அதுலயே போயிரும்.

அத்த பக்கத்துல இருந்தாக. "அத்த, அவுக கோல் சின்னக் கோலு"ன்னு மெதுவா சொன்னேன்.

"என்னட்டி ஒளறுத? உள்ள போ. ஆம்பளையாளு எறங்குதாக. முன்னால வந்து நிக்காத."

அதுதான் இன்னொரு பயம். நல்ல காரியத்துக்கு வெளிய எறங்குதவுக முன்னால நான் வரப்பிடாது. யாரும் சொல்லிக் குடுக்கல, ஆனா எனக்குத் தெரியும். அவுக போனதுலருந்து கொழுந்தன் வேலைக்குக் கெளம்புத சத்தம் கேட்டா நான் பொறவாசலுக்குப் போயி கெணத்தடில நிப்பேன். அவரு தெரு முக்கு திரும்புனப்புறந்தான் உள்ள வருவேன். இன்னைக்குக் காரியஸ்தர் துண்ட ஒதறித் தோள்ல போடுதாரு, செருப்புச் சத்தம் கேக்குது. இப்பப் போயி முன்னால நின்னு, நாளைக்கு லாரி மலையில எங்கயாவது நின்னுட்டாக்கூட எந் தலையிலதான் வரும்.

எப்படிப் போனேன்னு தெரியல. சொளவோட போயி நிக்கேன். மூணு பேரும் பாக்காக. கொழுந்தன் எந்திரிச்சவரு அப்படியே நிக்காரு. அத்த பின்னால வந்து என் சேலை முந்திய இழுக்காக.

"மாமா, அவுக கோல் ரெண்டேமுக்கா அடி இல்ல."

சொல்லிட்டேன்.

"ஒங்களுக்கு எப்படி மைனி தெரியும்?"னு கொழுந்தன் கேட்டாரு. "அண்ணன் கோல நானே தொட்டதில்ல."

"அந்தக் கோலுக்கு நான் ரெண்டு கோலு."

சொன்னதும் வெக்கத்துல செத்துரலாம்னு இருந்துச்சு. புருசன் பொஞ்சாதிக்குள்ள சொன்னது, இப்ப ஊரான் முன்னால கெடக்கு. காரியஸ்தர் சிரிச்சுட்டாரு. அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு, "ஆமா, இவரு மூத்தவன் எங்க பக்கத்துலயில்லா வேல படிச்சது? எங்க பக்கம் கோலு சிறுசாக்கும். இருபத்தெட்டு இஞ்சியும் கொஞ்சமும் உண்டு"ன்னாரு.

அது நெசந்தான். அவுக சின்னப் பிள்ளையிலயே புளியறைக்குப் போயி ஒரு மலையாளத்து ஆசாரிகிட்ட வேல கத்தவுக. அப்ப செங்கோட்டை புளியறையெல்லாம் திருவாங்கூரு. கோலுங்கது அதே பேருதான். மலைக்கு அந்தப் பக்கத்துக் கோல் வேற, நம்ம கோல் வேற.

மாமா தலைய ஆட்டுனாரு. "இங்க வந்து ஏழெட்டு வருசம் ஆச்சு. எங்கூட வேல செய்யும்போது நம்ம கோல் கணக்குலதான் பாத்தான்."

"ஒத்தையில போகும்போது எதப் பிடிச்சானோ"ன்னு காரியஸ்தர் சொல்லுதாரு.

கொழுந்தன் டேப்ப உருவுனாரு. மாமா அத அத்தைகிட்டக் குடுக்கச் சொன்னாரு. அத்த மொகம் கடுத்துப் போச்சு. என்னயக் கதவு நெலையில நிறுத்தி, குதிங்கால்ல டேப்ப வச்சு மிதிச்சுக்கிட்டு மேல இழுத்தாக. "கொண்டைய அமுக்குட்டி"ன்னு ஒரு அமுக்கு. டேப்பு முதுகுல குளுந்து கெடந்துச்சு. ஆம்பளையாளு மூணு பேரும் தெருவப் பாத்துத் திரும்பி நிக்காக. "பலகைக்கு அளவெடுக்கச் சொன்னா பொண்ணுக்கு எடுக்கிய"ன்னு காரியஸ்தர் தெருவப் பாத்துச் சொல்லுதாரு.

நாலடி ஒம்பது இஞ்சி.

பாதி பண்ணுனா இருபத்தெட்டரை. சின்னக் கோலு. எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா மாமா தரையில வெரலால என்னமோ கணக்குப் போட்டுட்டு, "நம்ம கோலுக்கும் வருதே"ன்னாரு. "ஒண்ணேமுக்கா கோலுன்னாலும் நாலடி ஒம்பதேமுக்கா. முக்கா இஞ்சிதான் வித்தியாசம்."

கொழுந்தன் ஒடனே பிடிச்சுக்கிட்டாரு. "அண்ணன் வெளையாட்டுக்கு ரெண்டுன்னு சொல்லியிருப்பான். ஒண்ணேமுக்கான்னா சொல்லுவான் பொண்டாட்டிகிட்ட?"

அங்கதான் நான் அடங்கிட்டேன். ஏன்னா அவுக எங்கிட்ட அப்படித்தான். நான் வச்ச சொதில உப்பே இருக்காது, அமிர்தம்பாக. சேலை பழசா இருந்தா கடையில இப்பத்தான் பிரிச்ச மாதிரி இருக்கும்பாக. மரத்துல அரை நூல் தப்புனா பலகைய வீசி எறிஞ்சிருவாக. எங்கிட்ட மட்டும் எல்லாத்தயும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாக. ரெண்டு கோலும் அப்படி ஒண்ணுதானோ. ஒண்ணேமுக்கா கோலு பொண்ண, மனசு சந்தோசப்படட்டும்னு ரெண்டுன்னு சொன்னாகளோ.

"எப்படி அளந்தான்? சொல்லு"ன்னு மாமா கேட்டாரு. எல்லாத்தயும் சொன்னேன், உள்ளங்கைய வச்சது, கோல் முனையும் என் தலையும் ஒரே மட்டத்துல இருந்தது. மாமா சின்னக் கோலுக்கு மறுபடி தரையில கணக்குப் போட்டாரு. அப்புறம் காரியஸ்தரப் பாத்து, "நாப்பத்தாறு. எழுதிக்கிடும்"ன்னாரு.

"அப்பா, கொறஞ்சா?"ன்னு கொழுந்தன்.

"கொறஞ்சா கொறயட்டும்லே."

காரியஸ்தர் போயிட்டாரு. அத்த அன்னைக்கு எங்கூடப் பேசல.

லாரி போயி வந்து, மொதலாளி சாவி குடுத்து அனுப்புத வரைக்கும் இருந்த நாளு எனக்கு எப்படிப் போச்சுன்னு சொல்லத் தெரியல. அந்த உள்ளங்கையத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பேன். நெசமாவே தலையும் கோலும் ஒண்ணா இருந்துச்சா? மொதல்ல நல்லாத் தெளிவாத்தான் இருந்துச்சு. நெனைக்க நெனைக்க அந்தக் கை மேல மேல போகுது. என் தலைக்கும் கைக்கும் எடையில காத்து போகுது. ஒரு நாளு பாத்தா ஒரு சாணு எடைவெளி. பட்டறைக்குப் போயி அந்த நெலையில சாஞ்சு நின்னு பாப்பமான்னு தோணும். நின்னுட்டா அதுவும் மாறிருமோன்னு பயந்து போகல. அவுக எனக்குக் குடுத்துட்டுப் போனது அது ஒண்ணுதான். அதயும் நானே நெனச்சு நெனச்சுத் தேச்சிருவேன் போலருக்கு.

இன்னொண்ணும் இருந்துச்சு, அது எனக்கே அசிங்கமா இருக்கும். கணக்கு சரியா வரலன்னா வேல போகும், நான் ராயகிரி போவேன். அது ஒரு பக்கம். சரியா வரலன்னா அவுக எங்கிட்ட அன்னைக்குச் சும்மா சொல்லிருக்காகன்னும் ஆகும். எதுக்கு அதிகமாப் பயந்தேன்னு இப்பக் கேட்டாலும் தெரியாது.

சாரல் காத்து ஆரம்பிச்சிருச்சு. தென்காசிக் கோயில் மொட்டைக் கோபுரத்துப் பக்கம் போன ஆளுகள்லாம் வேட்டியக் கையில பிடிச்சுக்கிட்டு வருதாக. வானம் மேக்க கருத்துக்கிட்டு நிக்கி. பலகை புளியறைச் செக்போஸ்ட்டுல நிக்கின்னு ஒரு நாளு சொன்னாக, குத்தாலத்துல எறக்கியாச்சுன்னு மறுநா சொன்னாக. கொழுந்தன் ரெண்டு ஆளக் கூட்டிட்டு வேலைக்குப் போனாரு. நான் வழக்கம்போல கெணத்தடில நின்னேன்.

சட்டம் அடிக்கவே கொஞ்ச நாளு ஆச்சு. பலகை ஏத்துத அன்னைக்குப் பாத்து, ராயகிரிலருந்து எங்க அண்ணன் வந்துட்டான். கையில ஒரு பை, பையில எனக்கு ஒரு வெள்ளச் சேலை. "மாமா வரச் சொல்லிருந்தாருல்லா"ன்னான். அத்த காப்பி போட்டுக் குடுத்தாக. மாமா, "இரும், சின்னவன் வரட்டும்"ன்னு மட்டும் சொன்னாரு. அண்ணனும் மாமாவும் மழையப் பத்திப் பேசுதாக, பருத்தியப் பத்திப் பேசுதாக. நான் பொறவாசல்ல பாத்திரம் வெளக்குதேன். வெளக்குன சட்டியவே திரும்ப வெளக்குதேன்.

கொழுந்தன் வழக்கத்துக்கு முன்னாலயே வந்துட்டாரு. பொழுது கூட சாயல. முன்னாலயே வந்ததும் எனக்குத் தோணுனது ஒண்ணுதான், வேலைய விட்டு எறக்கிட்டாக. நேரா கெணத்தடிக்கு வந்து கால் கழுவுனாரு. நான் தண்ணி கோரி ஊத்துனேன். வாளித் தண்ணி பாதி அவரு வேட்டியிலதான் விழுந்துச்சு. என்னயப் பாக்கல.

உள்ள போனாரு. மாமா கேக்கது எனக்குக் கேக்குது.

"என்னலே?"

"கூடம் முடிஞ்சுட்டு. பத்தே முக்காப் பலகைல நின்னுட்டு."

"மத்தது?"

"மத்த ரூமும் டேப்பு பிடிச்சுப் பாத்தாச்சு. எல்லாம் சின்னக் கோலுதான். சின்ன ரூமுல மட்டும் ஓரத்துல ஒரு துண்டு வச்சு ஒட்டணும், அதுக்குத் துண்டு கெடக்கு. நெறயா சாரல் விழுதுப்பா, பலகைய மூடிப் போட்டுட்டு வந்துட்டோம்."

அவ்வளவுதான். நான் கெணத்து மேடையில உக்காந்துட்டேன். சந்தோசமெல்லாம் இல்ல. சும்மா சொல்லலையே, சும்மா சொல்லலையே அவுகன்னு அதான் ஓடுது. நெசமாவே என் தலையில கைய வச்சு அளந்துதான் சொல்லிருக்காக. அவுக போனன்னைக்கு வராத அழுக அப்பத்தான் வந்துச்சு. சேலையத் திணிச்சு வாயப் பொத்திக்கிட்டேன்.

உள்ள அண்ணன், "அப்ப நல்லதாப் போச்சு. நான் இவளக் கூட்டிட்டுக் கெளம்பட்டா?"ன்னு கேக்கான். அவனுக்கு யாரு என்ன சொல்லி விட்டாகளோ, வந்த சோலி முடியணும்னு இருக்கான்.

மாமா தொண்டையச் செருமுனாரு. "அதில்ல மாப்ள. மூத்தவன் அளந்து வச்ச வீடு இன்னும் ரெண்டு கெடக்கு. இலஞ்சில ஒண்ணு, மேலகரத்துல ஒண்ணு. எல்லாம் அவன் கோல் கணக்கு. கோலு எரிஞ்சு போச்சு. இவ ஒருத்திக்குத்தான் அந்தக் கோலு தெரியும். இவள வச்சுத்தான் பலகை எத்தனைன்னு சொல்ல முடியும்."

அண்ணன் வெவசாயம் பாக்குத சம்சாரி. கோலும் தெரியாது, டேப்பும் தெரியாது. "அப்படியா"ன்னான்.

எனக்குப் புரிஞ்சு போச்சு. ஒரு தடவ டேப்புல பாத்தாச்சு, இருபத்தெட்டரை இஞ்சின்னு. இனி எத்தன வீடு வந்தாலும் அத வச்சு யாரும் பெருக்கிருவாக. நான் எதுக்கு? மாமாவுக்கு அது தெரியும். பக்கத்துல நின்ன கொழுந்தனுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும், அவுகதான டேப்பப் பிடிச்சாக. யாரும் வாயத் தொறக்கல.

"அப்ப அந்த ரெண்டு வீடும் முடிஞ்சா?"ன்னு அண்ணன் கேட்டான்.

"முடியட்டும். அப்பப் பாப்போம்"ன்னு அத்த சொன்னாக. அத்த சொல்லுவாகன்னு நான் நெனைக்கவே இல்ல.

அண்ணன் செருப்ப மாட்டுனான். சேலைப் பைய எங்கிட்டக் குடுத்துட்டு, "ஒடம்பப் பாத்துக்கோட்டி"ன்னான். கொழுந்தன் இடுப்புல டேப்பு தொங்குது. அண்ணன் அதத் தொட்டுப் பாத்து, "இது எதுக்கு?"ன்னு சும்மா கேட்டுட்டு நிக்கான். கொழுந்தன் என்னயப் பாத்தாரு.

"இதா, இது சின்ன அளவுக்கு, வீடு அளக்க ஆகாது"ன்னு கொழுந்தன் சொன்னாரு. அண்ணன் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டான்.